நடாத கம்பு

போரின் மூன்றாம் ஆண்டு, பிப்ரவரி 11, காலை ஆறரை மணிக்கு நான்காம் எண் பீரங்கி ஆற்றங்கரை மேட்டுக்கு வந்து சேர்ந்தது.

பனிமூட்டத்தில் இலக்கு தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. பீரங்கிக்கு எதிரே, ஒன்றன்பின் ஒன்றாக, சிவப்பு வெள்ளை பூசிய இரண்டு கம்புகள் நட்டிருக்கும். குறிபார்ப்பவர் பீரங்கியின் குறிக்கண்ணாடியில் அவற்றைப் பிடித்துத்தான் குழாயின் திசையை வைப்பார். கம்பு ஒரு விரல் நகர்ந்தாலும் குண்டு சொந்த ஆட்கள் தலையில் விழும்.

ஏழு மணிக்கு எதிரியின் குண்டு இரண்டு கம்புகளையும் பிடுங்கி எறிந்தது. அதே நேரம் தொலைபேசி அலறியது. முன்வரிசையில் இருந்தவர்கள் உடனே சுடச் சொன்னார்கள். எதிரி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டானாம்.

குண்டு நிரப்புபவன் குறிபார்ப்பவருக்குத் தங்கை வீட்டுக்காரன். அருகில் நின்றவன் அவன்தான்.

“மாப்பிள்ளை, ஓடிப்போய் பழைய குழியிலேயே நட்டுட்டு வா. சாயக்கூடாது.”

“கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் என்னை ஓடவிட்டீங்க, மச்சான்.”

சிரித்தபடி பனிக்குள் போனான். ஈர மண்ணும் வெடிமருந்தும் கலந்த வாடை மூக்கை அடைத்தது. ஒரு குண்டு விழுந்தது. பிறகு சத்தமில்லை.

குறிபார்ப்பவர் கண்ணாடியில் கண் வைத்தார்.

ஒரு கம்பு நின்றது; குறிக்கு அது போதும்.

மாப்பிள்ளை திரும்பும்வரை காத்திருக்க நேரமில்லை; இன்னொருவன் குண்டு நிரப்ப, நாற்பது முறை சுட்டார்கள். தரை குலுங்கியது. கண்ணாடியில் அந்தக் கம்பு மட்டும் அசையவே இல்லை. அத்தனையும் இலக்கில் விழுந்ததாகத் தொலைபேசியில் நன்றி சொன்னார்கள்.

பனி விலகியதும் ஓடிப்போய்ப் பார்த்தார்.

மாப்பிள்ளை குழிக்குப் பத்தடி இப்பால் குப்புறக் கிடந்தான். இரண்டு கம்புகளும் அவன் உடம்புக்கு அடியில் இருந்தன.

ஒன்றைக்கூட நட்டிருக்கவில்லை.

தங்கைக்கு எழுதிய கடிதத்தில், அவன் வலி தெரியாமல் போய்விட்டான் என்று எழுதினார். அனுப்பியது யார் என்று எழுதக் கை வரவில்லை.

அடுத்த வாரம் பீரங்கி வேறு மேட்டுக்கு மாறியது. இம்முறை கம்புகளை அவரே நட்டார், இரண்டு. திரும்பி வந்து கண்ணாடியில் பார்த்தார்.

மூன்று நின்றன.

மூன்றாவது கொஞ்சம் கிட்டத்தில் நின்றது.

யாரிடமும் சொல்லவில்லை. கண் மங்குகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு லாரி ஓட்டப் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் முதல் நாளே கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்து, தாழ்ந்த குரலில் கேட்டார்:

“அந்த மூணாவது கம்பை யாருப்பா நட்டது?”



போர் முடியும்வரை நான்காம் எண் பீரங்கி ஒரு குண்டைக்கூடக் குறி தவறவிடவில்லை.