மூட்டை எத்தனை முறை சொறிந்தான்?

கதவிடுக்கில் செருகியிருந்த கடிதத்தை முதலில் பார்த்தவள் குண்டூசிதான். அந்தப் பட்டப்பெயர் அவளுக்குச் சும்மா வரவில்லை. பத்து வயது, ஆள் சின்னது. ஆனால் குத்தினால் சுருக்கென்று இருக்கும்.

‘தங்கள் நாய்க்குச் சொறிநோய் இருப்பதாகத் தெரிகிறது. பிறருக்கு ஒட்டக்கூடும். எனவே ஞாயிற்றுக்கிழமைக்குள் நாயை வெளியேற்றவும். இப்படிக்கு, குடியிருப்புச் செயலாளர்.’

“ஒட்டுமாம்! நாலு வருஷமா என் கட்டில்லதான் தூங்கறான். எனக்கு ஒட்டலையே!” என்று குண்டூசி குதித்தாள்.

தூங்குகிறவன் பெயர் மூட்டை. பழுப்பு நிறம், தொங்கு காது, பதினான்கு கிலோ. அப்போதுதான் பாதத்தை நக்கி முடித்துவிட்டுக் காதைச் சொறியத் தொடங்கியிருந்தான். அவன் வயிறு சிவந்து கிடந்தது.

அம்மா பெருமூச்சு விட்டாள். “செயலாளர்கிட்ட டாக்டர் சீட்டைக் காட்டிட்டுத்தான் வந்தேன். ‘மருந்து கொடுத்தும் ஏன் குறையலை?’ன்னு கேக்கறார். எனக்கென்ன தெரியும்? கொஞ்ச நாள் உன் சித்தப்பா வீட்ல விடலாமாடி?”

“சித்தப்பா வீட்டுப் பூனை இவனை உரிச்சுத் தோரணம் கட்டிடும். இவன் எங்கயும் போகமாட்டான்!”

சொல்லிவிட்டு நாள்காட்டியைப் பார்த்தாள். அன்றைக்குத் திங்கட்கிழமை. ஞாயிறு என்ன, அதோ மூக்குக்கு நேரே நின்றது.

நாய் டாக்டர் சொன்னதை அவள் நினைத்துப் பார்த்தாள். “இது ஒட்டற நோய் இல்லம்மா. இந்தப் பருவத்துல புல்லு பூக்கும், மகரந்தம் பறக்கும். அது ஒத்துக்கலைன்னா நமக்குத் தும்மல் வரும், நாய்க்குத் தோல் அரிக்கும். வெளிய போயிட்டு வந்ததும் ஈரத்துணியால பாதம், வயிறு எல்லாம் துடைச்சு, ஈரம் போக ஒத்தி எடு. அரிப்பு எங்கிருந்து வருதுன்னு கவனிச்சுக்கிட்டே இரு.”

மருந்தும் தவறவில்லை, துடைப்பதும் தவறவில்லை. அப்புறம் எங்கிருந்துதான் வருகிறது?

குண்டூசி ஒரு நோட்டை எடுத்தாள். மாலை ஆறு மணியிலிருந்து ஆறரை வரை மூட்டை எதிரில் உட்கார்ந்து, அவன் சொறிய, நக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டாள். திங்கள், முப்பத்தெட்டு. செவ்வாய், நாற்பத்தொன்று.

புதன்கிழமை காலை பின்வாசலில் நின்றபோது அவளுக்குச் சட்டென்று உறைத்தது. அங்கே இடுப்புயரப் புல் பூத்து நின்றது. மூட்டை பாய்ந்து உருளப் பார்த்தான். காற்றடித்ததும் மஞ்சள் பொடி கிளம்பியது.

“அட, தினமும் இங்கதானே உருளறே!”

வேறு வழி? அந்தக் குடியிருப்பில் நாய்களுக்குப் பின்வாசல்தான். முன்வாசல் தூணில் செயலாளர் எழுதி ஒட்டியிருந்தார்: ‘நாய்கள் இவ்வழியே நடக்கக் கூடாது.’

குண்டூசி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு மூட்டையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு முன்வாசலுக்கு நடந்தாள். அவன் பின்னங்கால்கள் அவள் முழங்காலில் இடித்தன.

காவலாளி பதறினார். “பாப்பா, செயலாளர் பார்த்தா என் சீட்டு கிழிஞ்சிடும்!”

“நடக்கக் கூடாதுன்னுதானே போட்டிருக்கு, அங்கிள்? இவன் நடக்கலையே.”

காவலாளி போர்டைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். “அது சரி…” என்று கதவைத் திறந்துவிட்டார்.

முன்னால் வெறும் சிமெண்டுத் தெரு. புல்லும் இல்லை, பொடியும் இல்லை. புதன் மாலை இருபத்தாறு கோடுகள். வியாழன் பதினைந்து. வெள்ளி ஒன்பது. குண்டூசிக்குத் தோள் வலி வந்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை காலை செயலாளர் எதிரே வந்துவிட்டார்.

“நாயைக் கீழே இறக்கு!”

“இறக்கினாத்தான் தப்பு, அங்கிள். உங்க போர்டு அப்படித்தான் சொல்லுது.”

“வாய் நீளம்!”

“இவனுக்கு அரிப்பே உங்க சட்டத்தாலதான். இந்தாங்க, பாருங்க.” நோட்டை நீட்டினாள்.

செயலாளர் புரட்டினார். “நீயே எழுதின கணக்கு. எதை வேணா எழுதலாம். இப்பவே பின்பக்கம் கூட்டிட்டுப் போ. புல்லுல விட்டு நானே பார்க்கறேன்.”

“முடியாது.”

“என்னது?”

“உங்களுக்கு நிரூபிக்கணும்னு இவன் எதுக்கு ரத்தம் வரச் சொறியணும்? புல்லுல விடமாட்டேன். சந்தேகம்னா சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க வீட்டுக்கு வந்து நீங்களே எண்ணுங்க.”

காவலாளி வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை விழுங்கினார்.

ஆறு அடிக்கச் செயலாளர் வந்துவிட்டார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். மூட்டை அவரை ஒரு சுற்று மோந்து பார்த்தான். என்ன தோன்றியதோ, அவர் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டான்.

அம்மா கையிலிருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மூட்டை ஒருமுறை சொறிந்தான். கொஞ்சம் கழித்து இன்னும் சில முறை. பிறகு அப்படியே தூங்கிப்போனான்.

“ஆறரை,” என்றார் செயலாளர். “மொத்தம் நாலு.”

“அஞ்சு,” என்றாள் குண்டூசி.

அம்மா அவளை முறைத்தாள்.

“நீங்க கண்ணாடி துடைச்சப்ப ஒரு தடவை காதைச் சொறிஞ்சான். நீங்க பார்க்கலை.”

செயலாளர் அவளையே பார்த்தார். “உனக்கு எதிரா நீயே எண்ணுவியா?”

“அஞ்சுன்னா அஞ்சுதான், அங்கிள்.”

அவர் நோட்டை மறுபடி கேட்டு வாங்கினார். இந்த முறை ஒவ்வொரு பக்கமாக, விரல் வைத்துப் படித்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார். “கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கறேன். புல்லு காயற வரைக்கும் முன்வாசல்ல நடக்கட்டும்.”

“அடுத்த வருஷமும் பூக்குமே?”

“சரி, சரி! எப்பவும் நடக்கட்டும்! போதுமா?” என்று எழப் பார்த்தார். முடியவில்லை. “கால் மரத்துப்போச்சும்மா. இவனைக் கொஞ்சம் எழுப்பேன்.”

“எழுப்ப மாட்டேன். ஒரு மாசமாச்சு அங்கிள், இவன் இப்படி அசந்து தூங்கி.”

செயலாளர் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஜன்னலைப் பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அசையாமல் சாய்ந்து உட்கார்ந்தார்.