அம்மா துடைத்த பெட்டி

தமயந்தி கையில் துணியை எடுத்தால் தூசிக்கு அங்கே வேலை இல்லை. ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் எல்லாரும் இதை ஒப்புக்கொள்வார்கள். வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் அலுவலகம் அது. அங்கே பெருக்கித் துடைப்பது அவள் வேலை.

2004ஆம் வருடம் ஆயுத பூஜைக்கும் தமயந்திதான் கணினி, பிரிண்டர் எல்லாவற்றையும் அணைத்துத் துடைத்தாள். சந்தனம், குங்குமம் வைத்தாள். முதலாளி ரெமிஜியஸ் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் பூஜைப் பொரியில் முதல் கை அவருடையதுதான்!

பூஜைக்கு வைத்ததை மறுநாள் தொடமாட்டார்கள். அதனால் இயந்திரங்களுக்கு இரண்டு நாள் ஓய்வு.

மூன்றாம் நாள் காலையில்தான் தலைவலி ஆரம்பித்தது. எந்தக் கணினியிலிருந்து அனுப்பினாலும் பிரிண்டர் அசையவே இல்லை.

"பிரிண்ட் சர்வர் போச்சு சார்," என்றான் ஷங்கர். அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்தான்.

பிரிண்டருக்குப் பக்கத்தில் சோப்புப் பெட்டி அளவில் இருந்த வெள்ளைப் பெட்டியைத்தான் அவன் சொன்னான். ஆறு கணினிகளும் அச்சடிக்க வேண்டியதை அதனிடம்தான் அனுப்பும். அது பிரிண்டரிடம் கொடுத்து வேலையை முடிக்கும்.

"எப்படிப்பா போகும்? பூஜைக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்தது?" என்றார் ரெமிஜியஸ்.

ஷங்கர் பெட்டியின் மேலிருந்த குங்குமப் பொட்டைப் பார்த்தான். "ஈரத் துணியில துடைச்சிருப்பாங்க சார். தண்ணி உள்ளே போயிருக்கும்."

"காஞ்ச துணியிலதான் சார் துடைச்சேன்," என்றாள் தமயந்தி. குரல் கம்மிவிட்டது.

"சரி, விடுங்க தமயந்தி. ஆனா அடுத்த வருஷம் மிஷின் பக்கம் பூஜையும் வேணாம், துடைக்கவும் வேணாம்," என்றார் ரெமிஜியஸ்.

தசரா விடுமுறை என்பதால் தமயந்தியின் மகள் தாரணியும் அங்கே இருந்தாள். ஆறாம் வகுப்பு. பூஜையன்று அம்மாவுக்குக் காய்ந்த துணியை எடுத்துக் கொடுத்ததே அவள்தான். செய்யாத தப்புக்கு அம்மா தலைகுனிந்து நிற்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

தாரணி பெட்டியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணா, தண்ணி போயிருந்தா இந்தப் பச்சை லைட் எரியுமா?"

"லைட் எரியும் பாப்பா, வேலைதான் நடக்காது. எங்க வீட்டு டிவி மாதிரி."

"பின்னாடி இந்த பட்டன் எதுக்கு?"

"அதை அமுக்கிப் பிடிச்சா பெட்டி தன்னோட விவரத்தை பிரிண்ட் பண்ணும். இன்னிக்கு எங்கே பண்ணப்போகுது!"

"நான் அமுக்கட்டுமா?"

"ஓ, அமுக்கிக்கோ."

தாரணி அமுக்கினாள். கடகடவென்று சத்தம் கேட்டது. பிரிண்டர் ஒரு தாளைத் தள்ளியது!

ஷங்கர் வாயைத் திறந்தவன் மூடவே இல்லை.

"பெட்டியும் கெடல, பிரிண்டரும் கெடல!" என்று குதித்தாள் தாரணி. ஆனால் கணினியிலிருந்து அனுப்பினால் மட்டும் இன்னும் எதுவும் வரவில்லை.

அவள் அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தாள். ஒரு வரியில் நீளமாக எண்கள் இருந்தன. கடைசியில் பதினான்கு. ஷங்கரின் கணினித் திரையில் திறந்திருந்த பிரிண்டர் விவரத்திலும் அதே எண்கள் இருந்தன. ஆனால் கடைசியில் பதினொன்று.

"அண்ணா, இங்கே பதினாலு. உங்ககிட்ட ஏன் பதினொண்ணு?"

"அது பெட்டியோட நம்பர். கதவு நம்பர் மாதிரி. அந்த நம்பருக்குத்தான் கம்ப்யூட்டர் அனுப்பும்."

"நம்பரை யாரு குடுப்பாங்க?"

"அதோ, எல்லாக் கம்ப்யூட்டரையும் இணைக்கிற அந்த ரவுட்டர். முதல்ல யார் ஆன் ஆகறாங்களோ அவங்களுக்கு..." ஷங்கர் பாதியில் நிறுத்தினான்.

"டாக்டர்கிட்ட டோக்கன் குடுக்கற மாதிரியா? அப்போ இன்னிக்கு முதல்ல வந்தது யாரு?"

ரெமிஜியஸ் தொண்டையைச் செருமினார். காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து தன் புது லேப்டாப்பைத் திறந்தவர் அவர்தான். ஷங்கர் ஓடிப்போய்ப் பார்த்தான். பதினொன்று அங்கே சொகுசாக உட்கார்ந்திருந்தது.

"காலையிலேர்ந்து எல்லாரும் என் லேப்டாப்புக்கா பிரிண்ட் குடுத்துட்டு இருந்தீங்க?" ரெமிஜியஸ் விழுந்து விழுந்து சிரித்தார்.

தாரணி சிரிக்கவில்லை. "அம்மா எல்லாத்தையும் அணைச்சதாலதான் நம்பர் மாறிச்சா அண்ணா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லி ஷங்கர் தப்பித்திருக்கலாம். அவன் சொல்லவில்லை.

"இல்ல பாப்பா. கரண்ட் போய் வந்தாலும் இதேதான் நடந்திருக்கும். பெட்டிக்கு மாறாத நம்பர் ஒண்ணை நான்தான் குடுத்திருக்கணும். அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்." அவன் தமயந்தியிடம் திரும்பினான். "தப்பு என்னோடது அக்கா. அவசரப்பட்டு உங்களைச் சொல்லிட்டேன்."

பத்தே நிமிடத்தில் பெட்டிக்கு மாறாத எண் கிடைத்தது. எல்லாக் கணினிகளுக்கும் அந்த எண்ணைச் சொல்லிக் கொடுத்தான் ஷங்கர். தாரணி ஒரு கணினியில் பொத்தானைத் தட்ட, ஒரு மாடி வீட்டின் வரைபடம் அழகாக வெளியே வந்தது.

"தமயந்தி, அடுத்த வருஷமும் பூஜை உண்டு," என்றார் ரெமிஜியஸ். "நீங்கதான் துடைக்கணும், நீங்கதான் பொட்டு வைக்கணும்."

"காஞ்ச துணிதான் சார்," என்றாள் தமயந்தி. இந்த முறை குரல் கணீரென்று இருந்தது.

சாயங்காலம் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரம்மாவிடம் தமயந்தியே பேச்சைத் தொடங்கினாள். யாரிடமும் அதிகம் பேசாதவள் அவள். மூன்றாவது நிறுத்தம் வருவதற்குள் அவள் பேச்சில் அந்தச் சோப்புப் பெட்டி பீரோ அளவுக்கு வளர்ந்திருந்தது.

"கம்ப்யூட்டர் படிச்சவங்களே கைவிட்டுட்டாங்க. கண்டுபிடிச்சது யார் தெரியுமா? இதோ, என் பொண்ணு!"

தாரணி வெட்கத்தில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். காதை மட்டும் அம்மா பக்கமே வைத்திருந்தாள்.