பச்சைச் செருப்பின் சாட்சி

காலை 10.52.

மூன்று மாதமாக இடது பக்கம் திரும்ப மறுத்த கழுத்து அன்று திரும்பியது. பல் டாக்டரம்மாவால் நம்ப முடியவில்லை. மசாஜ் மேசையின் விளிம்பில் உட்கார்ந்தபடியே இன்னொரு முறை திருப்பிப் பார்த்தாள். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து பார்த்தே இறுகிப்போன கழுத்து அது. இப்போது எண்ணெய் போட்ட கீல் மாதிரி சத்தமில்லாமல் நகர்ந்தது.

திரும்பிய கழுத்து முதலில் கண்டது, தலைமாட்டு முக்காலியில் இருந்த பீங்கான் கிண்ணத்தை. படுப்பதற்கு முன் சங்கிலியைக் கழற்றி அதில்தான் போட்டிருந்தாள். அவள் அம்மா போட்டிருந்த சங்கிலி.

கிண்ணம் காலியாக இருந்தது.

காலை 11.35.

கழுத்து, முதுகு வலிக்கான அந்த நிலையம் முதல் மாடியில் இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் படியேறி முடித்தபோது பின்னாலிருந்து ஏட்டு கூப்பிட்டார். அவள் முழு உடம்பையும் சுற்றித் திரும்பினாள்.

"கதவு திரும்புற மாதிரியே திரும்புறீங்க மேடம்."

"கீல் துருப்பிடிச்சிருச்சு ஏட்டய்யா. வாங்க."

ஒரு மாதமாக இப்படித்தான். அது தொடங்கிய நாள் அவளுக்குத் தெரியும். ஒரு வீட்டில் நகை காணாமல் போனது. வேலைக்கார அம்மாள்தான் எடுத்தாள் என்று ஒரே ஒருவர் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அதை வைத்து அந்த அம்மாளை ஜீப்பில் ஏற்றினாள். அந்த அம்மாள் பின்னாலிருந்து, "ஒரு நிமிஷம் கேளுங்கம்மா" என்று கூப்பிட்டாள். இவள் திரும்பவில்லை. ஒன்பது நாள் கழித்து நகை அந்த வீட்டு மெத்தைக்கு அடியிலேயே கிடைத்தது. ஒன்பது நாளும் அந்த அம்மாள் உள்ளே இருந்தாள்.

நிலையத்தின் முதலாளி டை கட்டியவர், வழவழப்பான பேச்சுக்காரர். மசாஜ் அறையை ஒட்டிய தன் அறையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். பளபளக்கும் கறுப்பு ஷூவுக்கு மேலே சாம்பல் நிறக் காலுறை தெரிந்தது.

"பெரிசு பண்ண வேணாம்னு பாக்கறேன் மேடம். மசாஜ் பண்ற அம்மா பதினோரு வருஷம் எங்ககிட்ட இருந்தவங்க. இதுல கையெழுத்துப் போட்டுட்டாப் போதும்."

அவர் நீட்டிய தாளில் நான்கு வரி அச்சடித்திருந்தது. சங்கிலியை எடுத்தது நான்தான். இனி இந்தத் தொழில் செய்யமாட்டேன்.

"சங்கிலி கிடைச்சிடுச்சா?"

"இன்னும் இல்ல. அவங்க சாமான்லதான் எங்கயாவது இருக்கும்."

"கிடைக்கறதுக்கு முன்னாடியே தாள் தயாரா?"

"நல்லதுக்குத்தானே மேடம். அடுத்த மாசம் ரெண்டு தெரு தள்ளித் தனியா ஆரம்பிக்கப் போறாங்க. கேஸுன்னு ஆனா அவங்களுக்குத்தான் அசிங்கம்."

முன் மேசையில் இருந்த பெண்ணும், காத்திருந்த மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: வெளியிலிருந்து யாரும் உள்ளே போகவில்லை.

காலை 11.50. பல் டாக்டரம்மா.

"குப்புறப் படுத்திருந்தீங்க. எப்படிப் பாத்தீங்க?"

"மேசையில முகம் வைக்க ஒரு ஓட்டை இருக்கு. அது வழியா தரை தெரியும். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு."

"என்ன தெரிஞ்சுது?"

"அவங்க காலு. அழுத்தும்போது விரலை ஊணி நிப்பாங்க. வலது கட்டைவிரல்ல பிறை மாதிரி ஒரு பழைய தழும்பு. அதையே பாத்துட்டிருந்தேன். அப்புறம் கழுத்துல ஒத்தடப் பையை வெச்சு, ஏழு நிமிஷம் அசையாதீங்கன்னு சொன்னாங்க. உள்ள தண்ணி சத்தம் கேட்டுட்டே இருந்துது. கொஞ்ச நேரத்துல பச்சைச் செருப்பு வந்து முக்காலிகிட்ட நின்னுது. அதோட மூக்கு மட்டும் தெரிஞ்சுது. அப்புறம் போயிடுச்சு."

"யார் செருப்பு?"

"அவங்களோடதுதான். நான் வரும்போதே மசாஜ் ரூம் வாசல்ல கிடந்துது. முன்பக்கம் மூடின ரப்பர் செருப்பு. அந்தப் பச்சையில இங்க வேற யாருக்கும் இல்ல."

"செருப்பு எடுத்துச்சா, ஆள் எடுத்தாங்களா?"

டாக்டரம்மா முகம் சுளித்தாள். "செருப்பு தானா நடந்து வருமா மேடம்?"

மதியம் 12.05. கைக்காரி.

வருபவர்கள் எல்லோரும் அவளைக் கையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பது வயது, முதலாளியைவிட உயரம், அவரைவிடப் பெரிய பாதம். உள்ளங்கை மேலே தெரியக் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கழற்றி வைத்த கருவிகளைப் போல இருந்தன அவை.

"எடுத்தீங்களா?"

"இல்ல."

"அந்த ஏழு நிமிஷம் எங்க இருந்தீங்க?"

"பின்னாடி கழுவுற இடத்துல. துண்டு அலசிட்டிருந்தேன்."

"யாராவது பாத்தாங்களா?"

"துண்டு அலசுறதை யாரு மேடம் வந்து பாப்பாங்க?" அவள் பார்வை சப்-இன்ஸ்பெக்டரின் கழுத்துக்குப் போனது. "எத்தன நாளா?"

"என்னது?"

"வலது தோள் காதுகிட்ட ஏறி நிக்குது. யாரோ பின்னாடியிருந்து கூப்பிட, திரும்பக் கூடாதுன்னு பிடிவாதமா நிக்கிற மாதிரி."

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். ஒரு மாதமாகத் தலையணையிடம்கூடச் சொல்லாததை இந்தப் பெண் தூரத்திலிருந்தே படித்துவிட்டாள். இப்போது விசாரணை நடப்பது யாருக்கு என்று ஒரு கணம் அவளுக்கே தெரியவில்லை.

ஏட்டு அறை முழுவதும் தேடினார். கைப்பை, அலமாரி, துண்டுக் கூடை. வாசலில் கிடந்த பச்சைச் செருப்புக்குள்ளும் கையை விட்டவர், "சே, உள்ள பூரா எண்ணெய்!" என்று கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"ஒத்தடப் பையெல்லாம் பாத்தீங்களா?" முதலாளி கேட்டார். "அது அவங்களே வீட்டுல தைச்சது."

கதவோரம் இருந்த சூட்டுப் பெட்டியில் ஆறு பைகள். ஏட்டு ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். "கோதுமைதான் மேடம்."

"சரி," என்றாள் சப்-இன்ஸ்பெக்டர். "டாக்டரம்மா பாத்ததை நானும் பாக்கணும். படுக்கறேன்."

ஏட்டு குரலைத் தாழ்த்தினார். "கேஸ் செலவுலயே வைத்தியமா மேடம்?"

"நீங்க வாசல்ல நில்லுங்க. அந்தப் பக்கம் பாத்து."

மதியம் 12.20.

முதலாளியும் டாக்டரம்மாவும் சுவரோரம் நின்றார்கள். சப்-இன்ஸ்பெக்டர் சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்துக் குப்புறப் படுத்து, ஓட்டைக்குள் முகத்தை வைத்தாள். உலகம் ஒரு தட்டளவு தரையாகச் சுருங்கியது. சிமெண்டில் ஒரு மெல்லிய விரிசல். அதன் ஓரமாக இரண்டு பாதங்கள் வந்து நின்றன.

கைகள் உடனே அழுத்தவில்லை. பிடரியில் சும்மா இருந்தன. அந்தக் கனத்துக்கு அடியில் தன் மூச்சு எவ்வளவு மேலோட்டமாக ஓடுகிறது என்று அவளுக்கே கேட்டது. பிறகு ஒரு கட்டைவிரல் மண்டையோட்டின் அடியிலிருந்து இறங்கியது. வலிக்கும் இடத்தை அவள் சொல்லவில்லை. விரல் வழி கேட்காமல் நேராக அங்கே போய் நின்றது.

"எப்படித் தெரிஞ்சுது?" தரையிடம் கேட்டாள்.

"அங்க வந்ததும் மூச்சை நிறுத்திட்டீங்களே மேடம். விடுங்க."

விட்டாள். விரலுக்கு அடியில் ஏதோ ஒன்று, அவள் உடம்பின் பகுதி என்றே மறந்திருந்த ஒன்று, மெல்ல இளகிக் கொடுத்தது. இருபது வருடம் பூட்டுகளையும் பூட்டை உடைத்தவர்களையும் பார்த்தவள் அவள். உடைக்காமல் திறப்பதை அன்றுதான் அறிந்தாள்.

"இப்ப பை வெப்பேன்."

சூட்டுப் பெட்டி திறக்கும் சத்தம். பாதங்கள் வட்டத்துக்குள் திரும்பி வந்தன. ஆனால் பை கழுத்தில் இறங்கவில்லை. கால் விரல்கள் தரையை இறுகப் பற்றின.

"மேடம்."

"சொல்லுங்க."

"இந்தப் பையில கோதுமையைத் தவிர வேற என்னமோ இருக்கு."

"நான் அமுக்கிப் பாத்தேனே!" ஏட்டு வாசலிலிருந்து கத்தினார்.

"தானியம் அமுக்கினா விலகும். இது விலகல, கூடவே நகருது. தசையில முடிச்சு இருக்கிற மாதிரி." உறையின் பொத்தான் கழலும் சத்தம். பெரிய கை ஒன்று மேசைக்கு அடியில் வட்டத்துக்குள் நீண்டது. விரல்களுக்கிடையே தங்கச் சங்கிலி தொங்கியது.

"பாத்தீங்களா! நான் சொல்லல?" முதலாளியின் குரல் உயர்ந்தது. "அவங்க தைச்ச பை!"

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்திருக்கவில்லை. அந்தப் பையை வைத்துவிட்டு வேறு பையை எடுத்திருக்கலாம். ஏட்டின் கையை ஏமாற்றியதை வேறு யாரும் கண்டுபிடித்திருக்கப் போவதில்லை. தன்னை உள்ளே தள்ளப்போகிற பொருளை இவள் தானே எடுத்துக் கொடுக்கிறாள்! சப்-இன்ஸ்பெக்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் மயிர்க்கூச்சம் சாட்சியாகாது. சாட்சி வேண்டும்.

சங்கிலி மெல்ல ஆடியது. அதற்குப் பின்னால், வலது கால் கட்டைவிரலில், பிறை மாதிரி ஒரு பழைய தழும்பு.

"கையக்கா. ஏன் செருப்பு போடல?"

"மேசைகிட்ட எப்பவும் போடமாட்டேன் மேடம். உடம்போட கனம் கைக்கு வரணும்னா கால் தரையைப் பிடிக்கணும்."

"துண்டு அலசப் போகும்போது?"

"அது திரைக்கு அந்தப் பக்கம்தானே. வெறுங்காலோடதான். செருப்பு வாசலுக்கு வெளிய கிடக்கும். வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் போடுவேன்."

மதியம் 12.41.

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து உட்கார்ந்து பொத்தானைப் போட்டாள்.

"டாக்டரம்மா, கட்டைவிரல்ல தழும்பைப் பாத்தேன்னு சொன்னீங்க."

"ஆமா."

"முன்பக்கம் மூடின செருப்புக்குள்ள தழும்பு எப்படித் தெரிஞ்சுது?"

டாக்டரம்மாவின் கை வாய்க்குப் போனது. "வேலை செய்யும்போது... வெறுங்கால்தான். செருப்பு அப்புறம்தான்... அந்த ஒரு தடவைதான்."

"அந்த ஒரு தடவை வந்தது இவங்க இல்ல. இவங்க உள்ள தண்ணியில கை வெச்சிட்டிருந்தாங்க. வெளியிலிருந்து யாரும் வரல. மீதி இருக்கிறது பக்கத்து அறை." அவள் முதலாளியைப் பார்த்தாள். "சார், இந்த மேசையில என்னைக்காவது படுத்திருக்கீங்களா?"

"நான் எதுக்குப் படுக்கணும்? எனக்கு என்ன வலி?"

"பதினோரு வருஷத்துல ஒரு தடவை படுத்திருந்தா, கீழேயிருந்து தெரியறது வெறுங்கால்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். படுத்தவங்களுக்குத் தரை தெரியும்கிறது வரைக்கும் தெரியும். அதனால ஷூவை வெளிய கழட்டிட்டு, அவங்க செருப்பை மாட்டிட்டு வந்தீங்க. பாக்கட்டும்னே வந்தீங்க. சங்கிலியை அவங்க தைச்ச பை உறைக்குள்ள போட்டீங்க. ஏட்டய்யா கண்டுபிடிக்கலன்னதும் பையைப் பாருங்கன்னு நீங்களே எடுத்துக் கொடுத்தீங்க."

"இது வெறும் ஊகம்."

"இருக்கலாம். ஷூவைக் கழட்டுங்க."

அவர் அசையவில்லை. ஏட்டு தன் கால்சட்டையில் இருந்த எண்ணெய்க் கறையைக் குனிந்து பார்த்தார். பிறகு முதலாளியின் காலைப் பார்த்தார். "கழட்டுங்க சார். ஒரு ஆளு மட்டும் அழுக்கா நிக்கிறது நல்லாயில்ல."

சாம்பல் நிறக் காலுறையின் அடிப்பக்கம், குதிகாலிலிருந்து விரல் நுனிவரை, எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. பதினோரு வருடமாக எண்ணெய்க் காலோடு வீட்டுக்குப் போய் வந்தவளின் செருப்பு, ஒரே தடவை மாட்டியவரையும் விடவில்லை.

முதலாளி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வழவழப்பு குரலை விட்டுப் போயிருந்தது. "வர்றவங்க ஒருத்தர்கூட என் பேரைக் கேக்கறதில்ல மேடம். அந்தக் கை இருக்கான்னுதான் கேக்கறாங்க. அது போச்சுன்னா இங்க என்ன இருக்கு? நாலு மேசை."

அவர் சொன்னது உண்மைதான். அதனாலேயே அவர் செய்தது இன்னும் சிறுமையாகத் தெரிந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அந்த நான்கு வரித் தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்தாள். அதில் இனி யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

டாக்டரம்மா சங்கிலியைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். "நான் பாத்தது உண்மை கையக்கா. ஆனா..."

"கழுத்து திரும்புதா?"

"திரும்புது."

"அப்ப சரி. அடுத்த வாரம் புது இடத்துக்கு வாங்க. வழி சொல்றேன்."

மதியம் 1.10.

ஏட்டு முதலாளியை அழைத்துக்கொண்டு படியிறங்கினார். சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தாள்.

"வலது பக்கம் பாதியில நிக்குது மேடம்."

"இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"பாதியில விட்டா இன்னைக்கு ராத்திரி இன்னும் மோசமாகும். படுங்க."

கட்டளை போடுவதே வேலையாக இருந்தவள் மறுபேச்சில்லாமல் படுத்தாள். மீண்டும் அந்தத் தட்டளவு தரை, அந்த விரிசல், அந்தப் பாதங்கள். கைகள் வந்து பிடரியில் காத்திருந்தன. எதற்குக் காத்திருக்கின்றன என்று அவளுக்குப் புரிந்தது.

"போன மாசம் ஒரு அம்மா கூப்பிட்டாங்க," தரையைப் பார்த்துச் சொன்னாள். "நான் திரும்பல."

"வீடு தெரியுமா?"

"தெரியும்."

அவ்வளவுதான் கேட்டாள் கையக்கா. கட்டைவிரல் முடிச்சின் மேல் வந்து நின்றது. அவசரப்படவில்லை, விலகவும் இல்லை. வட்டத்துக்குள் ஒரு சொட்டு விழுந்து, விரிசலின் ஓரத்தில் நின்றது.

பிறைத் தழும்பு இருந்த கால் கட்டைவிரல் மெல்ல நகர்ந்து, அதன் மேல் ஊன்றிக்கொண்டது.