சத்தத்தை நிறுத்திப் பார்த்த பாட்டு

சனிக்கிழமை பள்ளியில் கலை விழா. இன்றோ வியாழன். மேடையில் பாட வேண்டிய ஆறு பேரும் இரண்டு கட்சியாகப் பிரிந்து, மெர்லிமாவில் நளினி வீட்டு வாசலில் முறைத்துக்கொண்டு நின்றார்கள். காரணம் கேட்டால் சிரிப்பு வரும். ஒரே ஒரு சொல்!

'செம்பனைச் சிங்கங்கள்' என்று ஓர் இசைக்குழு. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர்கள் என்றால் உயிர். அவர்களுடைய மோட்டார் சைக்கிள் பாட்டில் இப்படி ஒரு வரி வரும்: 'செம்பனைக் காடு தாண்டிப் போனா காத்து கூட வரும்.' இல்லை இல்லை, 'பாட்டு கூட வரும்.' பார்த்தீர்களா, கதை சொல்லும் எனக்கே குழப்பம் வந்துவிட்டது. சரியாக அந்த இடத்தில்தான் உருமி மேளம் ஓங்கி முழங்கும். சொல் அதன் அடியில் மாட்டிக்கொள்ளும்.

திவாகர் காத்துக் கட்சி. மோட்டாரில் போனால் காற்றுதானே வரும் என்பது அவன் வாதம். நளினி பாட்டுக் கட்சி. காற்று எல்லாருக்கும்தான் வரும், அதற்கு எதற்குப் பாட்டு எழுத வேண்டும் என்பது அவள் கேள்வி. இரண்டு பக்கமும் மும்மூன்று பேர். நாற்பது தடவை கேட்டும் தீரவில்லை.

"காத்துன்னு பாடலன்னா நான் வரல லா" என்றான் திவாகர்.

"வராத போ" என்றாள் நளினி.

ஆறு பேர் இல்லாவிட்டால் மேடை கிடையாது என்று ஆசிரியர் முன்பே சொல்லியிருந்தார்.

இதையெல்லாம் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள் செலினா. அவளும் அவர்களைப் போல ஐந்தாம் ஆண்டு மாணவிதான். பிறந்ததிலிருந்தே காது மந்தம் என்பதால் இரண்டு காதிலும் கருவி மாட்டியிருப்பாள். சிங்கங்களின் பாட்டு அவளுக்கும் ரொம்பப் பிடிக்கும். உருமி அடித்தால் நெஞ்சுக்குள்ளேயே அதிரும். ஆனால் குழுவில் அவளுக்குக் கிடைத்த வேலை, எல்லாருடைய பைகளையும் பார்த்துக்கொள்வது. காது கேட்காதவளிடம் பாட்டைப் பற்றி என்ன கேட்பது என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அது அவளுக்கு வலித்தது. எந்த வேலையாக இருந்தாலும் சரி, அவர்களோடு விழாவில் நிற்க வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. இப்போது விழாவே கைநழுவிப் போகும் போலிருந்தது.

செலினா எழுந்து வந்தாள். "வீடியோவைப் போடுங்க. ஆனா சத்தத்தை நிறுத்திடுங்க."

பாட்டைச் சத்தமில்லாமல் போடுவதா? ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். நளினி மட்டும் போட்டுக் காட்டினாள். பாடகர் மோட்டாரில் வந்தார். அந்த வரி வரும்போது பார்த்தால், தலையில் முழு ஹெல்மெட். முகமே தெரியவில்லை. எல்லாரும் சிரித்துவிட்டார்கள், செலினாவும்தான்.

"வேற வீடியோ இருக்கா?" என்று கேட்டாள்.

திவாகர் தயங்கினான். ஆயர் குரோவில் அவன் மாமா கல்யாணத்துக்குச் சிங்கங்கள் வந்து இதே பாட்டைப் பாடியதை அவன் வீடியோ எடுத்து வைத்திருந்தான். ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று எடுத்ததால் அதில் உருமியைத் தவிர ஒன்றும் கேட்காது, உதவாது என்றான்.

"எனக்கு உதவும்" என்றாள் செலினா.

திவாகர் அதைப் போட்டான். பாடகரின் முகம் பளிச்சென்று தெரிந்தது. அவள் மூன்று முறை பார்த்தாள்.

"உதடு ரெண்டும் ஒட்டுது. 'கா' சொல்லிப் பாருங்க, ஒட்டாது. 'பா' சொன்னா ஒட்டும். அவரு பாட்டுன்னுதான் பாடுறாரு."

உடனே ஆறு பேரும் கா, பா, கா, பா என்று தவளைகளைப் போலக் கத்திப் பார்த்தார்கள். திவாகர் அவ்வளவு லேசில் விடுகிற ஆளா? சாலையைத் தாண்டி எதிர்வீட்டு மாமரத்தடிக்குப் போய் நின்று, குரலே இல்லாமல் எதையோ சொன்னான்.

செலினாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நளினி பாடினா பூனை ஓடிடுமாம்."

வாசலே அதிர்ந்தது. நளினி செருப்பைத் தேடினாள். திரும்பி வந்த திவாகரின் முகம் சிவந்திருந்தது. எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்டான்.

"டீச்சர் போர்டு பக்கம் திரும்பிட்டா எனக்குப் பாதிப் பாடம் போயிடும். அதான், முகம் தெரியுறப்பவே புடிச்சிக்குவேன்" என்றாள் செலினா.

 திவாகர் மெதுவாகச் சொன்னான். "சரி, பாட்டுதான். ஆனா என் வாயில காத்துன்னே வருது. மேடையில மாத்திப் பாடிட்டா எல்லாரும் சிரிப்பாங்க."

ஓகோ, பயம் இதுதானா! செலினாவுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. மற்றவர்கள் சிரிக்கும்போது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

"என்னையே பாரு. நான் மேடைக்குக் கீழ நின்னு வரிக்கு வரி வாயசைக்கிறேன்."

"அப்ப பையெல்லாம் யாரு பாத்துக்குவா?" என்றாள் நளினி.

"பையைத் தூக்கி ஆணியில மாட்டு லா" என்றான் திவாகர்.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. பத்து பெரண்டாம் என்ற ஊரில் தான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு செலினாவின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நளினியின் அண்ணன் கோகுலராஜ் உருமியை முழக்கியதும், மேடையில் இருந்தவர்களுக்கு ஒருவர் குரல் இன்னொருவருக்குக் கேட்கவில்லை. ஆறு பேரின் கண்ணும் கீழே நின்ற செலினாவின் உதட்டிலேயே இருந்தது.

அந்த வரி வந்தது. திவாகரின் வாய் 'கா' என்று அகலமாகத் திறந்தது. செலினா கன்னம் உப்ப உதட்டை இறுக்கி மூடிக் காட்டினாள். அவனும் சட்டென்று மூடிக்கொண்டான். அடுத்த நொடி ஆறு வாயும் ஒன்றாகத் திறந்தன.

"பாட்டு கூட வரும்!"

மண்டபமே எழுந்து கைதட்டியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதைச் செலினா பார்த்துவிட்டாள். பெருமையில் அவளுக்கு நெஞ்சு விம்மியது.

"அருமையாகப் பாடிய ஆறு மாணவர்களுக்கும் பாராட்டுகள்" என்றார் அறிவிப்பாளர்.

மேடையில் ஆறு பேரும் ஒரே நேரத்தில் எதையோ சொன்னார்கள். கைதட்டல் இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. செலினாவுக்கு மட்டும் தெளிவாகப் புரிந்தது.

"ஏழு" என்றார்கள்.

அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி மேடையேறினாள்.