தலைக்கு மேலே தேர்வடம்

அசீனா தன் அம்மாவிடம் கடைசியாகச் சண்டை போட்டது ஒரு தலைமுடிக்காக. தட்டிலிருந்த தோசையில் நீளமாக ஒரு முடி கிடந்தது. அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இனிமேல் இந்த வீட்டில் சாப்பிடப் போவதில்லை என்றாள்.

"என் தலையில எம்புட்டு முடி கிடக்கு. அதுல ஒண்ணை உனக்குத் தந்தா என்னட்டி?" என்று சிரித்துக்கொண்டே ரஹ்மத் பீவி வேறு தோசை வார்த்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. மதுரைக்குப் போய்க் காட்டினார்கள். புற்றுநோய் என்றார்கள்.

அதற்குக் கீமோதெரபி என்று ஒரு வைத்தியம் உண்டு. கையில் ஊசி குத்தி, குழாய் வழியாக மருந்தை ரத்தத்தில் ஏற்றுவார்கள். எது நோய், எது நல்ல உடம்பு என்று அந்த மருந்துக்கு முழுதாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நோயை அடிக்கிற வேகத்தில் முடியையும் பசியையும் வாய் ருசியையும் சேர்த்து அடித்துவிடும். கொஞ்ச நாளிலேயே அம்மாவின் முடியெல்லாம் தலையணையில் தங்கிவிட்டது. தோசையில் முடி விழுவதும் நின்றுபோயிற்று. அதற்காக அசீனா ஒரு நாள்கூடச் சந்தோஷப்படவில்லை.

அவர்கள் வீடு ராஜபாளையத்தில். அத்தா அபுதாஹிர் லாரி டிரைவர். பாண்டேஜ் துணி ஏற்றிக்கொண்டு பம்பாய் வரை போவார். அவர் ஊரில் இல்லாத நாட்களில் அம்மாவுக்குத் துணை அசீனாதான். அப்போது அவள் ஆறாம் வகுப்பு படித்தாள்.

டாக்டர் வைகுண்டராஜ் மதுரையிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவார். அங்கே தேர் ஓடும் வீதியிலிருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் காலையில் நோயாளிகளைப் பார்ப்பார். மதியச் சாப்பாட்டுக்கு முன் கிளம்பிவிடுவார். அம்மா அங்கேதான் ஊசி போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்தாள். ஒவ்வொரு தடவையும் எழுந்தாள். இன்னும் ஒரே ஒரு ஊசி பாக்கி இருந்தது. அது முடிந்தால் வைத்தியமே முடிந்தது.

அந்தக் கடைசி நாள் வந்தது. அன்றைக்குப் பார்த்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர்.

இது தெரியாமல் இல்லை. முதல் பஸ்ஸில் போய், தேர் புறப்படுவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குள் நுழைந்துவிடலாம் என்று அம்மா திட்டம் போட்டிருந்தாள். ஆனால் விடியும்போதே அவளுக்குத் தலை சுற்றியது. படுத்து எழுந்து கிளம்புவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

மருந்துக் குப்பி அசீனாவின் பொறுப்பு. அத்தா அதை மதுரையில் வாங்கிவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். சூடு பட்டால் கெட்டுவிடும் என்பதால் எதிர்வீட்டு ராஜு மாமாவின் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார்கள். அசீனா அதை பாலித்தீன் உறையில் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கினாள். வாய் அகன்ற ஃப்ளாஸ்க்கின் அடியில் வைத்து, மேலே ஐஸ் கட்டிகளைப் போட்டு மூடினாள்.

பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து நடை. வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு அம்மா மெதுவாக நடந்தாள். பக்கத்து ஊர்களிலிருந்து வந்த கூட்டம் அவர்களைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. நடுவழியில் அம்மாவுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. நீர்மோர்ப் பந்தல் ஒன்றில் பெஞ்சு கிடந்தது. அசீனா ஃப்ளாஸ்க்கைப் பக்கத்திலிருந்த மேசையில் வைத்துவிட்டு, அம்மாவை அணைத்துப் பிடித்து உட்கார வைத்தாள்.

அந்த ஊரில் தேரன்றைக்குக் காலிப் பாத்திரத்தோடு யாரையும் அனுப்பமாட்டார்கள். செம்பு, தூக்குவாளி, எதை நீட்டினாலும் மோரை ஊற்றிவிடுவார்கள். மோர் ஊற்றிக்கொண்டிருந்த சோலைச்சாமி, மேசையிலிருந்த ஃப்ளாஸ்க்கைத் திறந்து பார்த்தார். உள்ளே ஐஸ். அவருக்கு ஒரே சந்தோஷம். விளிம்பு வரை மோரை ஊற்றி மூடியைத் திருகிவிட்டார்.

"ஐஸோட வந்த புள்ள இன்னிக்கு நீ ஒருத்திதான். கெட்டிக்காரி" என்று ஃப்ளாஸ்க்கை நீட்டினார்.

அசீனா அதை வாங்கவில்லை. "இதுல எங்கம்மாவுக்கு ஏத்துற மருந்து இருக்கு" என்றாள்.

சோலைச்சாமியின் முகம் செத்துவிட்டது. மோரை உடனே கீழே கொட்டிக் குழாயடியில் கழுவித் தருவதாக மூடியைத் திறக்கப் போனார். அசீனா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கொட்டினால் மோரோடு ஐஸும் போய்விடும். குழாய்த் தண்ணீர் வெயிலில் கொதித்துக்கொண்டிருக்கும். குப்பியின் வாயை ரப்பரும் தகரமும் மூடியிருக்கின்றன. அதற்கு மேல் பாலித்தீன் வேறு.

"கொட்டாதீங்க. மோரும் சில்லுன்னுதானே இருக்கு. அப்படியே இருக்கட்டும்."

சோலைச்சாமி மரத்தூளுக்குள் புதைத்திருந்த ஐஸ் பாளத்திலிருந்து ஒரு துண்டு உடைத்து, ஃப்ளாஸ்க்கில் பக்குவமாக இறக்கினார். அம்மாவிடம் ஒரு டம்ளர் மோரை இரண்டு கையாலும் நீட்டினார். உப்புப் போட்டுத் தாளித்த மோர். பல நாளுக்குப் பிறகு அம்மா ஒரு டம்ளர் முழுவதையும் குடித்தாள்.

தேர் வீதிக்கு வந்தபோது ஆஸ்பத்திரி கண்ணுக்கு எதிரேயே தெரிந்தது. வீதியைக் கடந்தால் போதும். ஆனால் குறுக்கே வடம் கிடந்தது.

தேர் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை மாற்றுகிறார்களாம். தேரின் உச்சியைப் பார்க்க அசீனா கழுத்தை முழுதாக மடக்க வேண்டியிருந்தது. அதன் அடியிலிருந்து இரண்டு வடங்கள் வீதி நெடுக நீண்டு கிடந்தன. ஒவ்வொன்றும் அவள் தொடையைவிடத் தடிமன். இரண்டு பக்கமும் ஆட்கள் குந்தியிருந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"தாண்டிப் போயிருவோமாம்மா?"

அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். "சாமி தேரு இழுக்கிற வடம். யாரும் காலால தாண்டமாட்டாக. நாம மட்டும் தாண்டலாமா?"

யாராவது லேசாகத் தூக்கிப் பிடித்தால் குனிந்து நுழைந்துவிடலாம். ஆனால் குனிந்தால் அம்மாவுக்குத் தலை சுற்றும். விழுந்தாலும் விழுந்துவிடுவாள். தேர் கிளம்பிவிட்டாலோ, அது கடந்துபோகும் வரை யாரும் வீதியில் இறங்க முடியாது. அதற்குள் டாக்டர் போய்விடுவார். மறுபடி வர மூன்று வாரம். நாள் தள்ளிப் போடக் கூடாத மருந்து அது என்று அவர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்.

வடத்தின் பக்கத்தில் கழுத்தில் விசிலோடு ஓர் ஆள் நின்றார். மீசை காது வரை இருந்தது. எல்லோரும் அவரைக் கருத்தப்பாண்டி அண்ணன் என்று கூப்பிட்டார்கள். அவர் விசில் ஊதினால்தான் இழுப்பார்கள். அசீனா அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, வடத்தைச் செத்த நேரம் தூக்கிப் பிடிக்கச் சொல்றீகளா? எங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போகணும். குனிய முடியாது."

"ஏட்டி, இது என்ன உங்க வீட்டுக் கொடிக்கயிறா? ஒரு ஆளு ரெண்டு ஆளு தூக்குற சாமானா இது? ஊரே சேந்து தூக்கணும்."

அசீனா வீதியைப் பார்த்தாள்.

"ஊரே இங்கனதானே சும்மா உக்காந்திருக்கு மாமா."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கருத்தப்பாண்டிக்கும் மீசைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். துப்பட்டிக்குள் தெரிந்த முகத்தில் புருவம்கூட இல்லை. கையில் ஊசி குத்தின இடமெல்லாம் கறுத்திருந்தது. அவருடைய சிரிப்பு நின்றது.

அவர் விசிலை ஊதவில்லை. இரண்டு கையையும் மேலே உயர்த்திக் காட்டினார்.

வடம் அசைந்தது. குந்தியிருந்தவர்கள் எழுந்தார்கள். முழங்கால் உயரம் வந்தது. இடுப்பு உயரம் வந்தது. ஒரே இடத்தில் மட்டும் தூக்க முடியாத கனம் என்பதால், வீதியின் இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக எழுந்து தூக்கினார்கள். தோளுக்கு மேலே போயிற்று. தலைக்கு மேலே போயிற்று. வெயிலில் நூற்றுக்கணக்கான கைகள் ஒன்றாக நடுங்கின.

அம்மா குனியவில்லை. நிமிர்ந்தபடியே அதற்குக் கீழே நடந்தாள்.

இரண்டாவது வடத்துக்காக அசீனா வாயைத் திறப்பதற்குள் அதுவும் மேலே போயிருந்தது. அவ்வளவு கூட்டத்தில் சத்தமே இல்லை. யாரோ ஒருவர் மட்டும், "பைய நடங்க தாயி. நாங்க பிடிச்சிருக்கோம்" என்றார்.

எத்தனையோ வருடம் கழித்து, அம்மா இல்லாமல் போன பிறகும், அம்மாவை நினைத்தால் அசீனாவுக்கு முதலில் தெரிவது அதுதான்: ஊரே தூக்கிப் பிடித்த வடத்தின் கீழே, அவசரமில்லாமல் போகும் ஒரு வெள்ளைத் துப்பட்டி.

டாக்டர் வைகுண்டராஜ் ஆஸ்பத்திரி மாடியில் இருந்தார். நர்ஸ் அழகுத்தாய் ஃப்ளாஸ்க்கைத் திறந்து பார்த்துவிட்டு அசீனாவைப் பார்த்தாள். பிறகு ஒரு கிண்ணத்தில் கவிழ்த்தாள். மோர், ஐஸ், கறிவேப்பிலை எல்லாம் வந்த பிறகு கடைசியாகக் குப்பி வந்தது. டாக்டர் உறையைப் பிரித்தார். குப்பியை வெளிச்சத்தில் பிடித்து மூடியைச் சோதித்தார். பெயரையும் தேதியையும் படித்தார். உள்ளங்கையில் வைத்து மூடிப் பார்த்தார்.

"நல்லா ஜில்லுன்னு இருக்கு. சீலும் அப்படியே இருக்கு, உறைக்குள்ள ஒரு சொட்டு போகல. ஏத்தலாம்" என்றார். பிறகு, "இத்தனை வருஷத்துல தாளிச்ச மருந்து இதுதான் முதல்" என்றார்.

நரம்பு கிடைக்க நேரமானது. அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு அசீனாவின் விரல்களைப் பிடித்திருந்தாள். ஊசி ஏறியது. குப்பி மருந்து குழாய் வழியாக உள்ளே போயிற்று. அதன் பின்னால் பெரிய பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக அடுத்த மருந்து இறங்கத் தொடங்கியது.

அப்போது கீழே விசில் சத்தம் கேட்டது. ஒரு பெரிய ஆரவாரம் எழுந்தது. முதலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிறகு கட்டில் அதிர்ந்தது. பாட்டில் தொங்கிய கம்பி ஆடியது. அழகுத்தாய் ஓடிவந்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஜன்னலுக்குள் தேர் வந்தது.

தேர் வந்ததா, வீதியே எழுந்து நடந்ததா என்று தெரியவில்லை. வானம் மறைந்து ஜன்னல் முழுதும் மரமாயிற்று. மரக்குதிரைகள், யாளிகள், மாலைகள், வேர்த்த முகத்தோடு நின்ற மனிதர்கள் எல்லாம் கட்டிலுக்கு நேராக, கை நீட்டினால் தொடலாம் போல மெல்ல நகர்ந்தன. டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். ஆடும் பாட்டிலிலிருந்து மருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அம்மா தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். துப்பட்டி நழுவியதை அவள் கவனிக்கவில்லை.

"இம்புட்டையும் வெறும் கையாலதானே இழுக்காக" என்றாள் மெதுவாக.

தேர் கடந்துபோயிற்று. வெளிச்சம் திரும்பி வந்தது. அதிர்வு மெல்ல மெல்ல அடங்கியது. பாட்டிலில் கடைசிச் சொட்டு தயங்கித் தொங்கி விழுந்தது.

அழகுத்தாய் ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"அம்புட்டுத்தானா?" என்று அம்மா கேட்டாள்.

"அம்புட்டுத்தான்க்கா. இனி ஊசி கிடையாது. மாசம் ஒருக்கா வந்து காட்டுங்க, போதும்."

அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அப்போதுதான் யாரோ அதை அவளிடம் திருப்பிக் கொடுத்தது போல.

சாயங்காலம் ராஜபாளையம் பஸ்ஸில் இடம் கிடைத்தது. அம்மாவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் வாங்கினாள் அசீனா. அவளுக்குப் பேச நிறைய இருந்தது. வடத்தில் ஆரம்பிப்பதா, யாளியில் ஆரம்பிப்பதா என்று யோசித்துவிட்டுத் திரும்பினாள்.

அம்மா வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிவிட்டிருந்தாள். பஸ் இன்னும் கிளம்பவே இல்லை. எந்த ஊருக்குப் போகிற பஸ்ஸானாலும் அம்மாவுக்கு எப்போதும் அப்படித்தான்.