மாற்றிப் போட்ட பின்சீட்டு

சாவியைத் திருப்பி வெளியே உருவிய பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

ரத்ரி கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். டாஷ்போர்டில் விளக்குகள் எல்லாம் அணைந்திருந்தன. வைப்பர் கண்ணாடியின் நடுவில் நின்றுபோயிருந்தது. கார் ஷெட்டின் தகரக் கூரையில் மாலாங் நகரத்துச் சாயங்கால மழை ஒரே சீராகக் கொட்ட, அதற்கு அடியில் அந்தப் பழைய ஜெர்மன் டீசல் இன்ஜின் யாருக்கும் கட்டுப்படாமல், தன்பாட்டுக்கு, உடம்பெல்லாம் நடுங்க உறுமிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கம் இருக்கை வழியாக அவள் முதுகில் ஏறியது.

அவள் கூப்பிட்டதும் போனில் மெக்கானிக் கியாந்தோ சிரித்தான். "பேயெல்லாம் இல்லக்கா. வேக்கம் லீக்காயிருக்கும். இந்த மாடல்ல இன்ஜின நிறுத்துறதே காத்தை உறிஞ்சித்தான். டியூப்புல ஓட்ட விழுந்தா பெரியம்மாவுக்குக் காது கேக்காது. நீங்க உள்ள உக்காந்திருக்காதீங்க, இதோ வந்துடறேன்."

அந்தக் காரை அவன் பெரியம்மா என்றுதான் சொல்வான்.

மழைக்கோட்டோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். பானெட்டைத் தூக்கி, எதையோ விரலால் அமுக்கினான். இன்ஜின் அடங்கியது. மறுநாள் வண்டியை எடுத்துப்போய் வேக்கம் பம்பை மாற்றிக் கொண்டுவந்து விட்டான். "புதுசு கிடைக்கலக்கா. இதே மாடல்ல ஒரு வண்டியை உடைச்சாங்க, அதுலேர்ந்து எடுத்துப் போட்டிருக்கேன். நல்லாவே ஓடும்."

ரத்ரி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவனிடம் அவள் என்றைக்குமே கேள்வி கேட்டதில்லை.

கார் அவள் கணவர் ஹர்ஜோ ஆசை ஆசையாக வாங்கியது. அவர் இருந்த காலத்திலிருந்தே அதன் எண்ணெயையும் பிரேக்கையும் பார்த்துக்கொண்டவன் கியாந்தோ. அவர் இறந்தபோது, உடலை வாங்கி இறக்கச் சொந்தத் தம்பியோ மகனோ குழிக்குள் நிற்க வேண்டியிருந்தது. தம்பி இல்லை, மகனும் இல்லை. கியாந்தோ செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே குழிக்குள் இறங்கினான். அன்றிலிருந்து நோன்புப் பெருநாளுக்கு அவனுக்கும் அவன் மகள் லரஸுக்கும் சேர்த்துத்தான் ரத்ரி வீட்டில் கோழிக்குழம்பு கொதிக்கும். அவன் மனைவி தைவானில் ஒரு வீட்டில் வேலை பார்த்தாள். இந்தப் பெருநாளுக்கு அவன் மட்டும்தான் வந்தான். லரஸுக்கு உடம்பு சரியில்லை என்றான்.

ரத்ரி கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்பவள். மலையடிவாரத்து வீடுகளில் அந்த நீண்ட கறுப்புக் கார் வந்து நின்று, அதிலிருந்து அவள் பூப்பெட்டியோடு இறங்கும்போதே பாதிக் கல்யாணம் களைகட்டிவிடும். அதனால் காரை விற்கவும் மனம் வரவில்லை. வயதான வண்டி. மாதத்துக்கு ஒன்று போகும். கியாந்தோ பார்த்துக்கொள்வான்.

பம்ப் மாற்றிய பிறகு கதவுகளின் சத்தம் மாறியது. முன்பெல்லாம் சாவியைத் திருப்பினால் நான்கு கதவுகளும் 'ஸ்ஸ்' என்று சின்னதாகக் காற்றிழுத்துப் பூட்டிக்கொள்ளும். இப்போது அந்த இழுப்பு நீண்டது. முழு மூச்சு ஒன்றை உள்ளே இழுத்து, நிதானித்து, விடுவதுபோல.

அடுத்தது, கியாந்தோவாகவே சொன்னான். "பின்சீட்டுல ஸ்பிரிங்கு தூக்கிட்டு நிக்குதுக்கா. கல்யாண உடுப்பு கிழிஞ்சா உங்க பேருதான் கெட்டுப்போகும்." பின்சீட்டு மாறியது. பிறகு இடப்பக்கப் பின்கதவு. அடியில் துருப்பிடித்து உதிர்கிறது என்றான். அவள் வருத்தப்பட்டது அந்தக் கதவுக்கு மட்டும்தான். அதன் கைப்பிடி மெத்தையில் ஹர்ஜோவின் கிராம்பு சிகரெட் சுட்ட தழும்பு ஒன்று, நகத்துண்டுபோல வளைந்து இருந்தது. அவர் அதன் மேல் ஷூ பாலிஷ் தடவி மறைத்து, மாட்டிக்கொண்டு, அவளிடம் திட்டு வாங்கினார்.

"பழைய கதவை என்ன பண்ணினே?"

"காயலான் கடைக்குப் போட்டாச்சுக்கா. முழுக்க அரிச்சிருச்சு."

வாசனை அதற்குப் பிறகுதான் வந்தது. சளி பிடித்த குழந்தைக்கு மார்பில் தேய்க்கும் தைலத்தின் வாசனை. கண்ணாடிகளை இறக்கி வெயிலில் நிறுத்தினாள். காப்பிக்கொட்டையைத் துணியில் கட்டிப் பின்பக்கம் வைத்தாள். வெயில் ஏற ஏற வாசனை இளகி, இப்போதுதான் தேய்த்ததுபோலச் சூடாக வந்தது.

பத்து என்ற மலையூரில் ஒரு கல்யாணம் முடிந்து அவள் இறங்கி வந்துகொண்டிருந்த சாயங்காலம், மேகம் மலையை விட்டுச் சாலைக்கே இறங்கிவிட்டிருந்தது. ஆப்பிள் கடைகளின் மஞ்சள் பல்புகள் நீரில் கரைந்து கரைந்து பின்னால் போயின. மழையும் வைப்பரும் டீசலின் கடகடப்பும் கலந்த அந்தப் பழகிய சத்தத்துக்கு அடியில், முதலில் சேறு தெறிப்பதாகத் தோன்றி, பிறகு பெட்டி ஆடுவதாகத் தோன்றி, கடைசியில் இரண்டும் இல்லை என்று தெரிந்த ஒரு சத்தம் பின்சீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. தட். தட். தட். மெத்தைமேல் உள்ளங்கை படும் சத்தம். அவசரமில்லாமல். குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கும் கை எப்படிப் போகுமோ அப்படி.

அவளுடைய பெட்டி முன்சீட்டில், அவள் பக்கத்தில்தான் இருந்தது.

அவள் பின்பார்வைக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. சாலையை மட்டும் பார்த்தாள். அப்போது பாட்டு ஆரம்பித்தது. வார்த்தை இல்லாமல், மூக்குக்குள்ளேயே, ஒரு தாலாட்டு. வளைவில் அவள் பிரேக் போட்டாள். பாட்டு நின்றது. காலை எடுத்தாள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

ஒரு டயர் கடை ஓரமாக நிறுத்திவிட்டு மழையில் இறங்கினாள். வலப்பக்கப் பின்கதவருகே போய்ப் பார்த்தாள். காரின் இடப்பக்கம் தாழ்ந்திருந்தது. ஆள் உட்கார்ந்த அளவுக்கு. சமதரையில் நின்ற கார். மழை கண்ணாடியில் வழிய உள்ளே எதுவும் தெரியவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்பிரிங் முனகியது. இடப்பக்கம் மெல்ல எழுந்தது. வலப்பக்கம் தாழ்ந்தது.

அவள் நின்ற பக்கம்.

வீடு வந்து சேர்ந்தது எப்படி என்று அவளுக்கு நினைவில்லை. காரைத் தெருவிலேயே விட்டுவிட்டு, ஈரத் துணியோடு கியாந்தோவுக்கு போன் செய்தாள்.

"தம்பி, பின்பக்கம் தட்டுற மாதிரி சத்தம் வருது."

இந்த முறை அவன் சிரிக்கவில்லை. "ஷாக் அப்சார்பர் புஷ்ஷு தேஞ்சிருக்கும்க்கா."

"புஷ்ஷு மாதிரி இல்லப்பா."

அந்தப் பக்கம் அவன் ஒரு கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு தாழ்ந்த குரலில் கேட்டான்: "பாட்டும் கேக்குதா?"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். பாட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஆண்கள் எல்லாம் மதியத் தொழுகைக்குப் போயிருக்கும் நேரத்தில், அவள் காரை ஓட்டிக்கொண்டு அவன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். வழி நெடுக ஜன்னல்கள் திறந்தே இருந்தன. வழி நெடுகத் தட்டும் சத்தமும் இருந்தது. காரை வாசலில் நிறுத்தி, கதவைக்கூடப் பூட்டாமல் இறங்கினாள்.

வானம் கறுத்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. கிரீஸ் வாசனை, ஈரச் சாக்கின் வாசனை, எங்கோ ஒரு குழாய் சொட்டும் சத்தம். பின்கொட்டகையில், தார்ப்பாய் போர்த்தி, கியாந்தோவின் சொந்தக் கார் நின்றது. அதே மாடல், அதே கறுப்பு. ஹர்ஜோவின் காரைப் பார்த்து ஆசைப்பட்டு, இறந்துபோன ஒருவர் வீட்டிலிருந்து அவன் வாங்கியது. இதே மாடலில் ஒரு வண்டியை உடைத்தார்கள் என்று அவன் சொன்னது அவள் காதில் திரும்ப ஓடியது.

தார்ப்பாயைத் தூக்கினாள். இடப்பக்கப் பின்கதவைத் திறந்தாள். உள்ளே தைல வாசனை இல்லை. சுத்தமான, உலர்ந்த, பழைய தோல் வாசனை. அவள் வீட்டு வாசனை. பின்சீட்டு அவளுடைய பின்சீட்டு. ஸ்பிரிங் ஒன்றுகூடத் தூக்கி நிற்கவில்லை. கதவின் கைப்பிடி மெத்தையில் விரலை ஓட்டினாள். நகத்துண்டுபோல வளைந்த தழும்பு. அதன் மேல் பாலிஷ்.

கதவின் அடியைத் தடவிப் பார்த்தாள். துருவே இல்லை.

"அக்கா."

கியாந்தோ தொழுகைத் தொப்பியோடு பின்வாசலில் நின்றிருந்தான். அவன் கண் அவள்மேல் நிற்கவில்லை; அவள் திறந்து வைத்திருந்த கதவின் பக்கம் போய்விட்டுத் திரும்பியது.

"என் வண்டியில ஒரு கோளாறும் இல்ல. அப்படித்தானே?" என்றாள்.

"முதல் தடவ வேக்கம் போனது நெசம்க்கா. என் வண்டிப் பம்ப உங்களுக்கு மாத்தின அன்னைக்கு ராத்திரி இங்க பாட்டுச் சத்தம் கொஞ்சம் குறைஞ்சிச்சு. அப்பத்தான்... அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு."

"என்னத்த ஏத்திவிட்டே என் வண்டியில?"

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. வாங்கும்போதே உள்ள இருந்துருக்கு." அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினான். "லரஸ் வண்டிய விட்டு இறங்க மாட்டேன்னா. சாப்பாடு அதுக்குள்ள, தூக்கம் அதுக்குள்ள. அம்மா தலை வாரிவிட்டாங்கன்னு வந்து நிப்பா. அவ அம்மா தைவான்ல யாரோட பிள்ளைக்கோ வாரிக்கிட்டிருக்கா. என் பொண்ணு எலும்பாப் போயிட்டாக்கா. வித்துடலாம்னா, எந்த வீட்டுல குழந்தை இருக்கும்னு யாருக்குத் தெரியும்? எரிச்சா எங்க போகும்?"

"அதனால எனக்கா?"

அவன் தொப்பியை மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தான்.

"சொல்லு. ஊர்ல இத்தன பேர் இருக்க, எனக்கு ஏன்?"

"அது குழந்தைங்களத்தான் தேடுதுக்கா," என்றான் தரையைப் பார்த்து. "உங்களுக்குத்தான் குழந்தை இல்லையே."

ரத்ரி திறந்திருந்த கதவை அறைந்து சாத்தினாள். எத்தனையோ வீடுகளில், மணப்பெண்களின் தாய்மார்கள் அவள் முதுகுக்குப் பின்னால் சொன்ன வார்த்தை. பெற்றவள் கை வைக்கட்டும், நீங்கள் வேண்டாம் என்று பூவைத் தட்டிப் பறித்த வார்த்தை. அதை இவன் சொல்லவே மாட்டான் என்று நம்பியிருந்தாள். இவனோ அதை அளந்து பார்த்து, கணக்குப் போட்டு, ஸ்பேனர் எடுத்துத் திருகியிருக்கிறான். அவள் வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு. அவள் கணவரைக் கையில் ஏந்தி மண்ணில் இறக்கிய அதே கையால்.

"கழட்டு," என்றாள். "எல்லாத்தையும் கழட்டு. இப்பவே."

"மாட்டேன்க்கா. அடிங்க. போலீஸ்ல சொல்லுங்க. அதத் திரும்ப இங்க கொண்டுவர மாட்டேன்." பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "அக்கா... நீங்க அதுலயா வந்தீங்க? மணி என்ன? லரஸ் வர்ற நேரமாச்சே!"

வெளியே பள்ளிக்கூட வேன் ஒன்று உறுமிக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டது.

இருவரும் ஒரே நேரத்தில் ஓடினார்கள்.

லரஸ் வெள்ளைச் சட்டையும் முக்காடுமாகத் தெருவில் நின்றிருந்தாள். ஒல்லியான முகம், கன்னத்தில் இப்போதுதான் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. ரத்ரியைப் பார்க்கவில்லை. கறுப்புக் காரைப் பார்த்து, தொலைந்துபோனவர் திரும்பி வந்ததுபோல, வாய்விட்டுச் சிரித்தாள்.

"லரஸ்! தொடாதே!"

பின்கதவு அவள் கை படுவதற்கு முன்பே திறந்தது. புத்தகப் பை சாலையில் விழுந்தது. கதவு சாத்திக்கொண்டது. திறந்திருந்த கண்ணாடிகள் நான்கும், கைப்பிடி சுற்றச் சுற்ற, தாமாக ஏறின. நீண்ட மூச்சு ஒன்று உள்ளே போனது. நான்கு பூட்டுகளும் இறங்கின.

ரத்ரி சாவியைச் செருகித் திருப்பினாள். பூட்டு எழுந்தது. இறங்கியது. மறுபடி திருப்பினாள். எழுந்தது. இறங்கியது. கியாந்தோ கண்ணாடியைக் கையால் அடித்தான், பிறகு ஜாக்கிக் கம்பியால். கண்ணாடி அதிர்ந்தது. கீறல்கூட விழவில்லை. மழை பிடித்துக்கொண்டது.

உள்ளே லரஸ் முக்காட்டை அவிழ்த்து மடியில் வைத்தாள். தலையைச் சாய்த்தாள். சீட்டின்மேல் இல்லை. சீட்டுக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில், கன்னம் அமுங்கச் சாய்த்தாள். அவள் கூந்தல் பின்னாலிருந்து தூக்கப்பட்டது. மூன்றாகப் பிரிந்தது. ஒன்று மற்றொன்றின்மேல் ஏறி, இறங்கி, இறுக்கி, அழகாக, நிதானமாகப் பின்னிக்கொண்டே வந்தது.

"லரஸ்! நான்தான்மா, அப்பா! அப்பாவப் பாரு!"

சிறுமி கண்ணைத் திறந்தாள். கண்ணாடிக்கு வெளியே மழையில் அலறிக்கொண்டிருந்த மனிதனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. பிறகு தலையை மேலே தூக்கி, காலியாக இருந்த இடத்தைப் பார்த்து ஏதோ கேட்டாள். அவள் உதடுகளில் ரத்ரிக்கு அது தெளிவாகத் தெரிந்தது.

இவர் யாரும்மா?

பதிலைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். சரி என்று தலையாட்டினாள். பிறகு வெளியே இருந்தவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.