அருள்நாயகியின் கமரா

அந்த வீடியோவில், அருள்நாயகியின் தோளுக்குப் பின்னால், அறைக் கதவோரத்தில் ஒரு ஹவுஸ்கோட்டின் கரை தெரிந்தது. மண்ணிறத் துணி, அதில் வெள்ளைப் பூக்கள். ஒருகணம் அசைந்தது. பிறகு கதவுக்குப் பின்னால் போய்விட்டது.

"அக்கா, நீங்களும் இதுக்குள்ள வந்திட்டியள்," என்று அருள்நாயகி சிரித்தாள்.

டோரினுக்குச் சிரிப்பு வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல், கையில் குடையோடு மாடிப்படியின் அடியில் நின்றாள். செவ்வாய்க்கிழமை என்பதால் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய், மெழுகுதிரி கொளுத்தி, சனத்துக்குள் நசிபட்டு பஸ் ஏறி, இப்போதுதான் வெள்ளவத்தைக்குத் திரும்பியிருந்தாள்.

"இது எப்ப எடுத்தது?"

"கொஞ்சம் முன்னம்தான்," என்றான் றேமண்ட்.

"நான் இப்பதானே வாறன்."

"அப்ப போறதுக்கு முதல் எட்டிப் பார்த்திருப்பீர்," என்றான் அவன், கமராவின் சின்னத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. அவளுடைய கணவன் அவளைத் திரும்பிப் பார்க்காமல் பேசுவது புதிதல்ல.

டோரின் பின்கட்டுக்குப் போனாள். அவள் வீட்டில் போடும் அந்த மண்ணிற ஹவுஸ்கோட் காலையில் துவைத்துப் போட்டபடியே கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. கடற்காற்றில் பாதிதான் காய்ந்திருந்தது. அவள் அதை முகத்தோடு சேர்த்து மோந்து பார்த்தாள். அருள்நாயகியின் பவுடர் வாசம் இருக்கிறதா என்று தேடினாள். சவர்க்கார வாசம் மட்டும்தான்.

அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள் என்ற எண்ணம்தான். தான் இல்லாத வேறொரு நாளில், தன்னுடைய உடுப்பை அவளுக்குக் கொடுத்து, அவன் ஏதோ விளையாடியிருக்கிறான்.

யாழ்ப்பாணத்திலிருந்து விமானத்தில் இரத்மலானையில் வந்திறங்கிய நாளிலிருந்து அருள்நாயகி அவர்கள் வீட்டின் மேல் அறையில் வாடகைக்கு இருந்தாள். சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்த காலம். கல்யாணப் பதிவு முடித்த கையோடு கணவன் கனடாவுக்குத் திரும்பிவிட, இவள் விசாவுக்காகக் காத்திருந்தாள். முழங்கால் வரை பின்னல், அடங்கிய குரல், எதற்கும் "ஓம் அக்கா". டோரினும் முதலில் அவளுக்கு ஆசையாகத்தான் சோறு போட்டுக் கொடுத்தாள்.

பிறகு கனடாவிலிருந்து ஒருவர் கையில் அந்தக் கமரா வந்தது. சவர்க்காரக் கட்டி அளவுதான், வெள்ளி நிறம். போட்டோவில் பார்க்கிறது மட்டும் காணாது, நீர் கதைக்கிறதையும் பார்க்க வேணும் என்று கணவன் எழுதியிருந்தான். அருள்நாயகிக்கு அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியவில்லை. கோட்டையில் கப்பல் கொம்பனி ஒன்றில் கிளாக்காக இருந்த றேமண்டுக்கு இந்தச் சாமான்களில் பெரிய பைத்தியம்.

"பாரும், இந்த ஊசித் துளைதான் மைக்," என்று அன்றிரவு சாப்பாட்டு மேசையில் டோரினுக்கு விளக்கினான். அவன் இப்படி முகம் மலர்ந்து பேசி எத்தனையோ காலம். "சத்தம் எல்லாம் பிடிக்கும். மெமரி காட் நிறையுமட்டும் எடுக்கலாம். சூம் மட்டும் செய்யேலாது. வீடியோ ஓடத் தொடங்கினா லென்ஸ் அப்பிடியே நிண்டிடும்."

வெளியில் கொண்டுபோய் எடுக்க வழியில்லை. ஒழுங்கை முனையில் ஆமிக்காரர் நின்றார்கள். கையில் கமராவோடு ஒரு தமிழன் நடந்தால் அடுத்த கேள்வியை பொலிசில்தான் கேட்பார்கள். ஆகவே எல்லாம் மேல் அறைக்குள்தான். றேமண்ட் வேலையால் வந்து முகம் கழுவி, தலை வாரி, படியேறுவான். கீழே குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும் டோரினுக்கு, தலைக்கு மேலே பலகைத் தளத்தில் அவனுடைய காலடி ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நகர்வது கேட்கும். கடற்கரை ரயில் கடந்து சத்தம் ஓய்ந்த பிறகு, அவளிடம் ஒருநாளும் பேசியிராத ஒரு மென்மையான குரலில், "முகத்தைக் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்புங்க," என்று அவன் சொல்வதும் கேட்கும். பன்னிரண்டு வருஷத்தில் அவன் அவளுடைய முகத்தை எந்தப் பக்கமும் திருப்பச் சொன்னதில்லை.

"என்னையும் ஒருக்கா எடுங்களன்," என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"உம்மை எடுத்து யாருக்கு அனுப்புறது?" என்று அவன் சிரித்தான்.

அவன் பகிடிக்குத்தான் சொன்னான். அவளும் சிரித்தாள். அன்று கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள்.

ஹவுஸ்கோட் தெரிந்த அந்தச் செவ்வாய்க்கு அடுத்த கிழமை, ஊரிலிருந்து வந்து தங்குகிறவர்கள் செய்யவேண்டிய பொலிஸ் பதிவுக்காக அருள்நாயகியைக் கூட்டிக்கொண்டு போக றேமண்ட் அரைநாள் லீவு எடுத்தான். டோரினுடைய தாய் ஆசுபத்திரியில் கிடந்தபோது அவனுக்கு லீவு கிடைத்ததில்லை. இரண்டு பேரும் ஒரே குடைக்குள் ஒழுங்கையில் இறங்கி நடப்பதை ஜன்னல் கம்பிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேல் அறைப் பூட்டின் மற்றத் திறப்பை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

அறையில் மல்லிகைப்பூ வாசமும், மூடிக்கிடந்த அறையின் புழுக்கமும். கமரா தலையணைக்குக் கீழே இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, றேமண்டின் விரல் அழுத்தியதைப் பார்த்த ஞாபகத்தில் பொத்தான்களை அழுத்தினாள். அவன் அருள்நாயகியைத் தொட்டிருந்தால், ஒரு பார்வை பார்த்திருந்தால், அது இதற்குள் இருக்கும். அதைத்தான் தேடினாள்.

முதல் வீடியோவில் ஒன்றும் இல்லை. அருள்நாயகி வெட்கப்பட்டு, "சுகமா இருக்கிறியளோ," என்று கேட்டாள். பின்னால் கதவு, வெறும் கதவு. அடுத்ததில் ஹவுஸ்கோட்டின் கரை. அதற்கடுத்ததில் கதவு நிலையில் ஒரு கை. எண்ணெய் தெறித்த தழும்பு மணிக்கட்டில்.

டோரின் தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

அதற்கடுத்ததில் அந்தப் பெண் அறைக்குள் வந்திருந்தாள். மங்கல் வெளிச்சத்தில் படம் பொரிந்து பொரிந்து தெரிந்தாலும் ஆளைத் தெரிந்தது. டோரின்தான். கொண்டை அவிழ்ந்த டோரின், சுவரோடு சுவராக நின்றாள். அதற்கடுத்ததில் கட்டிலுக்குப் பக்கத்தில். கடைசியில் அருள்நாயகியின் தோளுக்குப் பின்னால், இடுப்பிலிருந்து மேலே மட்டும் தெரியுமளவுக்கு.

சூம் பண்ணியிருக்கிறான், கிட்ட இழுத்திருக்கிறான் என்று டோரின் நினைத்தாள். பிறகு சாப்பாட்டு மேசையில் அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. லென்ஸ் நின்ற இடத்தில்தான் நிற்கும். கட்டிலும் ஜன்னலும் எல்லா வீடியோவிலும் ஒரே அளவில்தான் இருந்தன.

அவள் மட்டும்தான் கிட்ட வந்திருந்தாள்.

அந்தப் பெண் கமராவைப் பார்க்கவேயில்லை. அருள்நாயகியின் கழுத்தைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வை டோரினுக்குத் தெரிந்த பார்வை. கண்ணாடியில் அல்ல, உள்ளிருந்து தெரிந்தது. குசினியில் நின்று மேலே கேட்கும் காலடிக்குக் காது கொடுக்கும்போது தன் முகத்துத் தசைகள் எப்படி இறுகும் என்று அவளுக்குத் தெரியும்.

கமராவை இருந்தபடியே தலையணைக்குக் கீழே வைத்தாள். படியிறங்கும்போது, பயத்துக்கு அடியில், வேறொன்றும் இருந்தது. இனிப்பாக. அருள்நாயகிக்கும் ஏதும் நடக்கட்டுமே என்பது போல. அதனால்தான் அவர்கள் திரும்பி வந்தபோது டோரின் ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

"அக்கா, கழுத்து சரியா நோகுது," என்று அருள்நாயகி குசினி வாங்கில் வந்து இருந்தாள். "ரெண்டு மூண்டு நாளா இப்பிடித்தான். படுக்க ஏலாமல் கிடக்கு. கொஞ்சம் தைலம் பூசி விடுறியளோ?"

பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். பின்கழுத்தின் இரு பக்கமும் நீலத் தடங்கள் இருந்தன. டோரின் தைலத்தைத் தொட்டு விரல்களை வைத்தாள்.

விரல்கள் சரியாகப் பொருந்தின.

"அங்கதான் அக்கா," என்றாள் அருள்நாயகி. "அந்த இடம்தான்."

டோரின் கையை இழுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் பொறாமைப்படாமல் இருக்கப் பார்த்தாள். மேலே காலடி கேட்டால் ரேடியோவைப் போட்டாள். ஜெபமாலையை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளை பாவம், ஊரில் தாயை விட்டுவிட்டு வந்த பிள்ளை என்று தனக்குத்தானே சொன்னாள். ஆனாலும் இருமல் வருவது போலப் பொறாமை வந்தது. அடக்க அடக்க வந்தது. றேமண்டிடம் சொல்லவும் வாய் எழவில்லை. என்னவென்று சொல்வது? நீங்க அவளைப் பார்க்கிற விதம் என்னைக் கொண்டுபோய் அங்கே நிறுத்துகிறது என்றா?

"இனி வீடியோ எடுக்க வேணாம்," என்று மட்டும் சொன்னாள்.

"ஏன்?"

"எனக்குப் பிடிக்கயில்ல."

அவன் அவளை நன்றாகப் பார்த்தான். "டோரின், அது தங்கச்சி மாதிரி ஒரு பிள்ளை. வெட்கமாயில்லயா உமக்கு?"

விசா வந்தது. மூன்று பேரும் முன் அறையில் நின்றபோது அருள்நாயகி அழுதுகொண்டே டோரினைக் கட்டிப்பிடித்தாள். டோரினின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இன்னும் இரண்டு நாள். அந்தப் பிள்ளை போய்விடும். எல்லாம் முடிந்துவிடும். அப்போது அருள்நாயகியின் தோளுக்கு மேலால் றேமண்டின் முகம் தெரிந்தது. அவனும் சிரித்துக்கொண்டுதான் நின்றான். கண் மட்டும் சிவந்திருந்தது.

"கடைசியா ஒரு வீடியோ எடுப்பம்," என்றான்.

மறுநாள் பின்னேரம் அவன் படியேறும் சத்தம் கேட்டதும் டோரின் அடுப்பை அணைத்தாள். இந்தமுறை கீழே இருக்கப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். தான் அந்த அறையில், றேமண்டுக்குப் பின்னால், இரண்டு காலில் நின்றால் அது எப்படி அங்கே வரும்? ஒருத்தி இரண்டு இடத்தில் நிற்க முடியாது. சேலை உடுத்தியிருந்தாள். ஹவுஸ்கோட்டை வேண்டுமென்றே அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள்.

அறையில் மஞ்சள் வெயிலின் கடைசித் துண்டு கட்டிலில் கிடந்தது. உப்புக் காற்று ஜன்னல் சீலையை மெதுவாக உள்ளே ஊதிவிட்டு வெளியே இழுத்தது. பாதி கட்டிய பெட்டிகளிலிருந்து புதுத் துணி வாசம் வந்தது. அருள்நாயகி கட்டில் ஓரத்தில் இருந்தாள்.

"வந்திட்டீரா," என்றான் றேமண்ட், திரும்பாமல்.

"ஓம்," என்று அவனுடைய தோளுக்குப் பின்னால் நின்றாள். அங்கிருந்து திரை நன்றாகத் தெரிந்தது. சிவப்புப் புள்ளி விழுந்தது. கட்டில், அருள்நாயகி, பின்னால் கதவு. வெறும் கதவு. டோரின் மூச்சை விட்டாள்.

"நான் வரப்போறன்," என்று அருள்நாயகி கனடாவில் இருந்தவனுக்குச் சொன்னாள். "பயமாயும் கிடக்கு, சந்தோஷமாயும் கிடக்கு. இஞ்ச றேமண்ட் அண்ணா இல்லாட்டி நான்..." குரல் உடைந்தது.

றேமண்ட் ஒரு கையால் கமராவைப் பிடித்தபடி மற்றக் கையை நீட்டி அவள் தலையை மெல்லத் தடவினான்.

டோரினின் நெஞ்சுக்குள் அது வந்தது. இருமல் போல. அவள் அடக்கினாள். அடக்கினாள். முடியவில்லை.

திரையில் மண்ணிறத் துணி தெரிந்தது. வெள்ளைப் பூக்கள். அது கதவால் வரவில்லை. கமராவுக்குக் கிட்ட இருந்து, அவர்கள் நின்ற பக்கமிருந்து போனது. கட்டிலைச் சுற்றி நடந்து, அருள்நாயகிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

டோரின் திரையை விட்டு நிமிர்ந்து கட்டிலைப் பார்த்தாள். அருள்நாயகி மட்டும்தான். அவளுக்குப் பக்கத்தில் மெத்தை பள்ளமாகத் தாழ்ந்திருந்தது.

"றேமண்ட்," என்றாள் டோரின்.

அவன் திரும்பவில்லை. திரையைப் பார்த்துச் சிரித்தான். "டோரின், இன்னும் கொஞ்சம் கிட்ட இரும். ஆ, வடிவாயிருக்கு."

"நான் இஞ்ச. நான் இஞ்ச நிக்கிறன்."

சத்தம் வரவில்லை. அவன் தோளைப் பிடித்தாள். அவனுக்குத் தெரியவில்லை. சட்டை மட்டும் காற்றில் போல் அசைந்தது.

கட்டிலில் அருள்நாயகியின் பின்னல் தானாக எழும்பியது. திரையில் அதை இரண்டு கைகள் தூக்கியிருந்தன. மணிக்கட்டில் தழும்பு.

"பின்னி விடப்போறியளோ, அக்கா?" அருள்நாயகி கூச்சத்தோடு கழுத்தை வளைத்தாள்.

பின்னல் கழுத்தைச் சுற்றி ஒருமுறை வந்தது. இன்னொருமுறை.

"மெல்ல, அக்கா."

இன்னொருமுறை.

அருள்நாயகியின் குதிகால் பலகையில் உரசியது. உரசியது. றேமண்ட் ஒரு முழங்காலில் குந்தி, இரண்டு முகமும் படத்துக்குள் வரும்படி கமராவைச் சரிசெய்தான். திரையிலிருந்த பெண் முதல்தரமாக நிமிர்ந்தாள். முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவன் எடுக்க எடுக்க, கையை இறுக்கியபடியே, சிரித்துக்கொண்டிருந்தாள்.